நீல ஓட்டுக் கூடத்தில் ஒரு வரி

இது பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைப்பவர்கள் முதலில் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். மைனாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நேரங்கள் எல்லாம் அவள் கணவனின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்திருந்தவை. ஒரு நிமிடம்கூட இதில் கூட்டவில்லை.

மைனா என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். விளம்பரம், ஆவணப்படம் என்று பின்னணி பேசும் அவளுக்குக் குரல்தான் சோறு போட்டது. போன வருடம் தொண்டையில் ஒரு கட்டி வந்து, அறுவை சிகிச்சை ஆகி, ஒன்பது மாதம் அவள் வாயே திறக்கவில்லை. "கல்யாணமாகி ஆறு வருஷத்துல இப்பதான் வீடு அமைதியா இருக்கு" என்று கணவன் கிண்டல் செய்வான். செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வான். குரல் திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்து. இன்னொரு முறை போனால் வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அப்படி இருக்கும்போது கிடைத்த முதல் பெரிய வேலை இது. கொடுத்தது அவளுடைய சொந்த அண்ணன். அருங்காட்சியகத்தின் காப்பாளன்.

மலைக் கணவாயை ஒட்டிய ஒரு பழைய நாட்டைப் பற்றிய கண்காட்சி அது. மூன்று கூடங்கள். முதலாவதில் போர். கணவாய் யார் கையிலோ, இரண்டு பக்கமும் அவனுக்கு என்பதால் நானூறு வருடம் அங்கே சண்டை ஓயவில்லை. இரண்டாவதில் வணிகம். செம்பும் உப்பும் பட்டும் அதே வழியாகத்தான் போயின. மூன்றாவதில் கலை. ஒரு மாளிகைச் சுவரைப் பல வருடம் முன்பே அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தரையிலிருந்து கூரை வரை நீல ஓடுகள். அந்த நீலத்தை அதன்பிறகு வேறெந்த ஊராலும் செய்ய முடியவில்லை. பார்க்க வருபவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கான விளக்கத்தை அண்ணன் எழுதியிருந்தான். மைனா படிக்க வேண்டும். வியாழக்கிழமை திறப்பு விழா.

திங்கள், வார விடுமுறை. வாசலில் காவலாளி. மாடி அறையில் அண்ணன். உள்ளே மைனாவும் கணவனும் மட்டும்.

பிற்பகல் 1:50க்கு முதல் கூடம் முடிந்தது. 2:35க்கு இரண்டாவது. ஒவ்வொரு கூடத்திலும் படித்து முடித்தபின் கணவன் ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்வான். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. வெட்டி ஒட்டும் இடங்களில் அதை நிரப்பாவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். மூன்றாவது கூடத்தில் மட்டும், மைனா தண்ணீர் குடித்து முடித்ததும், அதை முதலிலேயே எடுத்துவிடலாம் என்றான்.

3:12. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

நாற்பதாவது வினாடியில் கணவன் தலையைத் தூக்கினான். கருவியின் முள் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

"வாயால ஏதாவது பண்ணுனியா?"

"நானா? மூச்சே விடலயே."

காதில் மாட்டியிருந்த ஒலிப்பானைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் கேட்டாள். பேச்சு இல்லை. வாய் திறக்கும் சத்தம்... மூடும் சத்தம்... ஈரமாக. ஒரு வாய் இல்லை. வரிசையாக நிறைய.

"ஏசி மச்சானை மாதிரி முணுமுணுக்குது" என்றான் கணவன். சிரிக்கத்தான் சொன்னான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

3:19க்கு மைனா படிக்கத் தொடங்கினாள். முதல் பத்தி சுத்தமாக வந்தது. அடுத்து இந்த வரி: 'வென்ற அரசனின் புகழைக் கேட்டு, நாற்பத்து மூன்று ஓட்டுக் கலைஞர்கள் தங்கள் ஊரை விட்டு விரும்பி வந்தார்கள்.'

பாதியில் நாக்கு குழறியது.

இரண்டாவது முறையும் அதே இடம். மூன்றாவது முறை வாயில் இரும்பின் சுவை. துப்பிப் பார்த்தாள். வெறும் எச்சில்தான்.

"தொண்டை வலிக்குதா?"

"தொண்டை இல்லீங்க. நாக்கு."

ஐந்தாவது முறை, 3:31. அண்ணன் முன்பே சொல்லியிருந்தபடி ஓடுகளைப் பார்த்துக்கொண்டே படித்தாள். மழமழப்பான நீலத்தில் ஓர் இடம் மங்கியது. கண்ணாடியில் ஊதினால் படியுமே, அப்படி. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில்... சுவர் நெடுகிலும். எல்லாம் ஒரு ஆளின் வாய் உயரத்தில்.

அவள் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் வரவில்லை.

ஏழாவது முறை. 3:40.

'விரும்பி' என்று தொடங்கினாள்...

இரண்டு விரல்கள்.

அவள் நாக்கின் நுனியைப் பிடித்தன.

சொரசொரப்பான விரல்கள். மண் வாசனை. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தன... இழுக்க முடியும் என்று அவளுக்குத் தெரிவதற்காக.

விட்டன.

மைனா காகிதத்தைக் கீழே வைத்தாள். "நான் படிக்கல. பணம் வேணாம், வேலை வேணாம். எனக்கு என் வாய் வேணும்."

கணவன் மாடிக்குப் போய் அண்ணனை அழைத்து வந்தான். அண்ணன் எரிச்சலோடு இறங்கினான்.

"என்ன பாப்பா, மூணு நாள்ல திறப்பு விழா. வணிகர் சங்கம்தான் மொத்தச் செலவும். வந்து நின்னு கேக்கப் போறாங்க."

"அந்த ஒரு வரிய மாத்திக்குடு அண்ணா. மத்ததெல்லாம் படிக்கிறேன்."

"அந்த வரியில என்ன?"

"அது உண்மையா?"

அண்ணன் கீழே இருந்த காகிதத்தை எடுத்தான். அவள் முகத்தையோ மாப்பிள்ளையின் முகத்தையோ பார்க்கவில்லை. "தள்ளு. நானே படிக்கிறேன். ஒரு வரிக்குப் போய் இத்தனை பேச்சு."

"அண்ணா, வேணாம்."

"சின்னப் பிள்ளையில பல்லியப் பாத்துக்கூட அலறுவா இவ" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஒலிவாங்கியின் முன் நின்றான்.

3:58.

படித்தான். முழு வரியும். ஒரு தடங்கல் இல்லை. ஓடுகளில் மங்கல் இல்லை. முள் அவன் குரலுக்கு ஏறியது, வரி முடிந்ததும் இறங்கியது.

பிறகு அசையவே இல்லை.

அந்தக் கூடம் அப்போதுதான் உண்மையில் அமைதியானது. கணவன் பிறகு சொன்னான், இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு மௌனத்தை எந்த அறையிலும் பதிவு செய்ததில்லை என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டது போல.

"பாத்தியா" என்றான் அண்ணன். "இதுக்குப் போய்..."

வாய் திறந்திருந்தது.

சொல் வரவில்லை.

திறந்தது... மூடியது... திறந்தது.

கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின. இரண்டு கைகளாலும் எதையோ வாயிலிருந்து பிடுங்கி எறிவதுபோல் இழுத்தான். அங்கே எதுவும் இல்லை.

மைனா அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். அவள் குரல் மணி போல ஒலித்தது, அறுவைக்கு முன்பு இருந்த மாதிரி.

மருத்துவமனையில் மூளையைப் படம் எடுத்தார்கள். பக்கவாதம் இல்லை. தொண்டையில் குறை இல்லை. நாக்கு முழுதாக, நல்ல நிறத்தில் இருந்தது. ஆனால் அதை அசைக்க அவனால் முடியவில்லை.

மூன்றாம் நாள் அண்ணி ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் அண்ணன் கோணல்மாணலாக எழுதியிருந்தான்: மேஜை, அடி இழுப்பறை, பச்சை உறை.

மைனா அண்ணனின் மாடி அறைக்குப் போய் எடுத்தாள். ஒரு பழைய ஆணையின் மொழிபெயர்ப்பு. ஆறு மாதம் முன்பே அண்ணனுக்கு வந்திருந்தது. போரில் பிடிபட்ட ஓட்டுக்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். நீலம் செய்யும் முறை வேறு ஊருக்குப் போனால் தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று அன்றைய வணிகர்கள் அரசனிடம் முறையிட்டிருக்கிறார்கள். கைகள் வேலைக்கு வேண்டும். ஆகவே நாக்குகளை அறுக்க உத்தரவு. நாற்பத்து மூன்றும் ஒரே பிற்பகலில்.

செலவு செய்யும் சங்கத்தின் மனம் கோணக் கூடாது என்று அண்ணன் அந்தத் தாளை உறைக்குள் போட்டுவிட்டு, பல வருடமாகச் சுவருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பழைய விவர அட்டையிலிருந்து அந்த 'விரும்பி வந்தார்கள்' வரியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறான்.

கணவன் தாளைப் படித்துவிட்டு மறுபடி உறைக்குள் வைத்தான். "உன்னைத் தடுத்தாங்க மைனா. மச்சானைத் தடுக்கலயே."

திறப்பு விழா நடக்கவில்லை. கூடத்தைப் பூட்டிய அன்று காவலாளி மைனாவிடம் தயங்கித் தயங்கி வந்தார். முப்பத்தோரு வருடமாக அதே வாசலில் இருப்பவர்.

"சாருக்கு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"பழைய சாரும் இப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அவர்தான் காப்பாளர். எல்லாம் கைச்சாடைதான். பிறவியிலேயே பேச்சில்லாதவர்னு நான் நினைச்சிட்டிருந்தேன்."

"அந்தப் பழைய அட்டை எழுதினவரா?"

"அவரேதான். அப்புறம் அவர் சம்சாரம்தான் ஒரு நாள் சொன்னாங்க." காவலாளி அண்ணனிடம் சேர்க்க வேண்டிய சாவியை அவள் கையில் வைத்தார். "அருமையாப் பாடுவாராம்மா. அட்டை எழுதின வருஷம் வரைக்கும்."