இறால் மணந்த எண்ணெய்

அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வந்தால் பஜ்ஜிக் கடையின் கருகிய எண்ணெய் வாசம். மாமல்லபுரத்தில் அம்மா பாத்திரம் தேய்த்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட ஹோட்டலின் பின்கட்டும் இப்படித்தான் நாறும். டூரிஸ்டுகளுக்கு நாலு நாள் இறால் பொரித்துக் கருத்துப்போன எண்ணெயைச் சமையல்காரர் அம்மாவின் தூக்குவாளியில் ஊற்றுவார்.

"புள்ளைங்களுக்கு எடுத்துனு போம்மா, வாசனையா கீது."

வீட்டில் தோசை, குழம்பு, அப்பளம் எல்லாமே அதில்தான். இறால் மணக்கிறதென்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். இன்று அம்மாவுக்கும் கொலஸ்ட்ரால், எனக்கும் கொலஸ்ட்ரால்.

"நல்ல எண்ணெயா பார்த்து வாங்கக் கூடாதாம்மா?" என்று டாக்டர் கடிந்தபோது அம்மா தலைகுனிந்தாள். அன்று எண்ணெய் வாங்கினால்தானே பார்த்து வாங்க?

"அந்த சமையல்காரரு நல்ல மனுசன்டா" என்கிறாள் அம்மா, இப்போதும். அந்த நல்ல மனிதர் தன் வீட்டுக்கு அதில் ஒரு சொட்டும் கொண்டுபோனதில்லை.