எச்சில் போதும் என்றவள்

வல்லம் வடகாலில் நான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலின் வார்டனை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே நான் அவள் என்றே எழுதப்போகிறேன். அந்த மரியாதையை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை. இருமல் விடாமல் இருந்த சமயத்தில் கம்பெனிக்கு மருத்துவ முகாம் வந்தது. இருமுகிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் சளியைக் காறித் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். ஹாஸ்டலில் அதை வைத்துக்கொண்டு விழித்தபோது அவள்தான் வழி சொன்னாள்.

"இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? சும்மா எச்சியத் துப்பிக் குடு. ஒண்ணியும் தெரியாது. டிபின்னு வந்துச்சுன்னா லைன்ல இருந்து தூக்கிடுவானுங்க."

அவள் பேச்சைக் கேட்டு எச்சிலையே கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் இருமிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். ஒருநாள் வாஷ்பேசினில் ரத்தம் விழுந்தது.

நானாகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேபில் இருந்த அம்மா, நான் கொடுத்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுதான் சளி. எச்சில்ல கிருமி சிக்காதும்மா, நெஞ்சுக்குள்ள இருந்து வரணும்" என்றார். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, ஆசிட் விட்டுக் கழுவி, மேலே நீலம் ஊற்றினார். ஆசிட்டில் மற்றதெல்லாம் வெளுத்துப்போகும், டிபி கிருமி மட்டும் சிவப்பை விடாது என்றார். அப்புறம் என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டார். நீலத்துக்கு நடுவே, லைனில் நான் வெட்டிப்போடும் சிவப்பு ஒயர்த் துணுக்குகள் மாதிரி கிடந்தன. அத்தனையும் என் நெஞ்சுக்குள் இருந்தவை. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அவள் மேல் கோபம்.

விஷயம் தெரிந்ததும் எனக்கு எச்சில் டீச்சராக இருந்த அதே மகராசி, மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு என் பாயையும் போர்வையையும் கம்பால் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

வாலாஜாபாத்திலேயே ஒரு அறை கிடைத்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு, என்னோடு நெருங்கிப் பழகியவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டு சுகாதாரப் பணியாளர் வந்தார். ஹாஸ்டல் அறைத் தோழிகள் பெயரைச் சொன்னேன். பிறகு, "எங்க வார்டனும் இருமுதாக. தூசிம்பாக. அவுகளையும் எழுதிக்கோங்க" என்றேன். அவளுக்கு நோய் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தப் பெண்கள் பார்க்க அவள் கையில் அந்த டப்பா ஏற வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அடுத்த முறை அந்தப் பணியாளர், "ஹாஸ்டல்ல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"வார்டன் எச்சியத்தான் குடுத்திருப்பாக. எதிர்க்க நின்னு வாங்குங்க" என்றேன்.

மறுநாள் விடியலில் அவர் போய் நின்றிருக்கிறார். குளிக்க வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள் பார்க்க, அவள் முற்றத்தில் குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காறிக் காறித் துப்பியிருக்கிறாள். அதே ஹாஸ்டலில் இருந்த என் லைன் தோழி இதைச் சொன்னாள். நான் தோழியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டேன்.

அந்தச் சளியில் கிருமி இருந்தது.

என் வயிற்றெரிச்சலை எப்படிச் சொல்வது? அவமானப்படுத்தத்தான் நான் அவள் பெயரைச் சொன்னேன். அது அவளுக்கு வைத்தியமாகப் போய் முடிந்தது. எனக்கு ரத்தம் வரும்வரை தெரியவில்லை, அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. என் பழி அவளுக்கு உடம்பு தேற்றிக் கொடுத்தது.

நான் குணமாகி லைனுக்குத் திரும்பியபின் ஒருநாள் அவளே போன் செய்தாள். அவளுக்கு டிபி என்று தெரிந்து பெண்கள் ஹாஸ்டலைக் காலி செய்வதாக மிரட்டுகிறார்களாம், ஓனர் இவளைப் போகச் சொல்கிறாராம். "உனக்கு சரியாயிடுச்சுல்லம்மா. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவாளுங்க. எனக்கு வேற வூடு கெடையாது" என்றாள். அந்தக் குரல் கெஞ்சியது எனக்கு இனித்தது. போனேன்.

பெண்களை ஹாலில் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, மறுபடி சளியைப் பார்த்து, கிருமி இல்லை என்று வந்தபின் பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம். இவளுக்கும் அப்படி வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் முகம் தெளிந்தது. யாரும் காலி செய்யப்போவதில்லை, அவள் வேலை தப்பிக்கும் என்று எனக்கே தெரிந்தது.

புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள், "அப்ப உங்கள ஏங்க்கா வெளிய அனுப்புனாக?"

"அவுககிட்டயே கேளு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "பயந்துட்டேன்மா" என்றாள்.

"நானுந்தான் பயந்தேன். ராத்திரி பூரா பஸ் ஸ்டாண்டுல, ரத்தமாத் துப்பிக்கிட்டு" என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி இருமல் வந்தது. அந்தப் புதுப் பெண் தண்ணீர் எடுத்துவர எழுந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருளா. அழட்டும்."