அளக்காத ஐநூறு

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கிற டாக்டரை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அறுத்துத் தைத்தவரைத் தெரியும். குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்த நர்ஸைக்கூடத் தெரியும். மயக்க மருந்து கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும், "யாரோ முதுகுல ஊசி போட்டாங்க" என்பார்கள். அந்த 'யாரோ'வைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஐம்பத்து மூன்று வயது. குள்ளம். மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ஊசியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்கிற உத்தியோகம் என்று அவருடைய நாத்தனார் இன்றுவரை நம்புகிறார். அந்த நாத்தனாருக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தபோது முழு நேரமும் தலைமாட்டில் நின்றவர் இவர்தான்.

ஆஸ்பத்திரிக்குள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, தராசம்மா. சிசேரியன் நடக்கிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு எடை மிஷின் வைத்திருப்பார். வீட்டுச் சமையலறையிலிருந்து கொண்டுவந்தது, மேலே பாலிதீன் உறை போட்டிருக்கும். ரத்தத்தை ஒற்றி எடுத்த துணி ஒவ்வொன்றையும் நர்ஸ் அதில் வைக்க வேண்டும். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் மிச்சம் ரத்தம். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. உறிஞ்சுகிற பாட்டிலில் எவ்வளவு, அதில் பனிக்குட நீர் போக ரத்தம் மட்டும் எவ்வளவு, முதுகுக்கு அடியில் தேங்கியது எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டி நர்ஸ் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்ல மறந்தால் தராசம்மா திட்டமாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அதற்குத் திட்டே தேவலாம் என்று நர்ஸுகள் சொல்வார்கள்.

ஆரம்பத்தில் இதை ஒருத்தரும் மதிக்கவில்லை. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் தினமும் உள்ளே வந்ததும், "இன்னிக்குத் தக்காளி என்ன விலைம்மா?" என்று கேட்பார். சுற்றியிருப்பவர்கள் கடமைக்குச் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள், அவர் எட்டிப் பார்த்து நானூறு இருக்கும் என்ற இடத்தில் மிஷின் தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது. கர்ப்பப்பை இறுகவில்லை, கை வைத்துப் பாருங்கள் என்று தராசம்மா தலைமாட்டிலிருந்து சொன்னார். அவர் கை வைத்துப் பார்ப்பதற்குள் இவர் இறுக்குகிற மருந்தும் ரத்தம் உறைகிற மருந்தும் ஏற்றிவிட்டார், ரத்தம் கொண்டுவர ஆளும் அனுப்பியாகிவிட்டது. பெரிய டாக்டர் வாயை மூடிக்கொண்டு தையல் போட்டார். அந்தப் பெண் ஐந்தாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் தக்காளி விலையை யாரும் விசாரிப்பதில்லை. "எவ்வளவு ஆச்சு?" என்று முதலில் கேட்பவரே பெரிய டாக்டர்தான்.

தராசம்மாவின் மூளையே மூளை என்று புதிதாக வந்த நர்ஸுகள் பேசிக்கொள்வார்கள். அது மூளையும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தியேட்டரில் ஒரு பழக்கம் இருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் மயக்க மருந்துத் தாளில் ரத்த இழப்பு என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். எவ்வளவு போடட்டும் என்று இவர் கேட்பார். பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐநூறு போடுங்கள் என்பார். ஆயிரத்துக்கு மேல் எழுதினால் தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும், ஏன் என்று மேலே பதில் சொல்ல வேண்டும், அடுத்த கேஸ் வாசலில் காத்திருக்கும். ஆகவே அந்த ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆன பெண்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஐநூறு மில்லிதான் இழந்தார்கள். இவரும் வாய் பேசாமல் எழுதிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மூன்றாவது கேஸாக வந்த பெண்ணுக்கு இருபத்து நாலு வயது. வாயாடி. முதுகில் ஊசி போடும்போதே, பிறக்கிற குழந்தை யார் ஜாடை என்று எனக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பேரம் பேசினாள். பெண் குழந்தை பிறந்தது, காட்டினார்கள், அப்பா ஜாடை என்று சலித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டாள். மறுபடியும் விட்டாள். தூக்கம் வருகிறதா என்று தராசம்மா கேட்டதற்கு, நேற்று தூங்கவேயில்லை டாக்டர் என்று சிரித்தாள். நாடி நூற்றிருபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பார்த்த சந்தோஷம் என்று இவர் நினைத்துக்கொண்டார். மேஜையிலிருந்து மாற்றும்போது, அடியில் இருந்த துணி கனக்கிறதே என்று தூக்கிய ஆள் முணுமுணுத்தார். அது யார் காதிலும் ஏறவில்லை. இவர் போர்வையை நீக்கிப் பார்க்கவில்லை. தாளில் ஐநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரத்தம் வற்றும்போது உடம்பு காற்றுக்குத் தவிக்கும், அதுதான் கொட்டாவியாக வரும். புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். ஒரு மணி நேரம் கழித்து வார்டில் நர்ஸ் போர்வையை விலக்கியபோது மெத்தை நனைந்திருந்தது. ஓடினார்கள், மறுபடி வயிற்றைத் திறந்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். எல்லாம் செய்தார்கள், எல்லாம் தாமதமாகச் செய்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் போய்விட்டாள்.

அவள் புருஷன் வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவர். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட். பெரிய டாக்டர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட, நடைபாதையில் அந்த மனிதரிடம் தனியாக அகப்பட்டவர் இவர்தான். எவ்வளவு ரத்தம் போச்சு என்று அவர் கேட்டார். தாள் இவர் கையில் இருந்தது. ஐநூறு மில்லி என்று அதைப் பார்த்துப் படித்தார்.

"போன வருஷம் நானே ரத்தம் குடுத்தேன் டாக்டர். கிட்டத்தட்ட அவ்வளவு எடுத்தாங்க. ஜூஸைக் குடிச்சுட்டு வேலைக்குப் போனேன்."

"அவங்க உடம்பு தாங்கலை," என்றார் தராசம்மா.

அந்த மூன்று வார்த்தைகள் இவரை விடவேயில்லை. மறு வாரமே எடை மிஷின் வந்துவிட்டது. வீட்டில் புருஷன் டி.வி. முன்னால் கொட்டாவி விட்டால் இவர் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடிக்கும். "அம்மா முன்னாடி கொட்டாவி விட்டா ரத்தம் ஏத்திடுவாங்க" என்று மகள் கிண்டல் செய்வாள். ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் அந்த ஒரு தாளில் இருக்கிற பொய் அப்படியேதான் இருக்கும் என்று இவருக்குத் தெரியும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மறுநாள் ஆபரேஷனுக்கு உள்ளவர்களைப் பரிசோதிக்கிற அறையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று சடை நுனியைக் கடித்துக்கொண்டு வந்து நின்றது. தொண்டைச் சதை வீங்கி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். இரண்டு வருஷம் முன்பே எடுத்திருக்க வேண்டியது. கூடவே அப்பா வந்திருந்தார். தாளைப் பார்த்தார் தராசம்மா. பிறந்த தேதி, பிறந்த இடம் இதே ஆஸ்பத்திரி, தாயார் காலமானவர். அப்பாவின் நகங்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் அதே சிமெண்ட். அன்றைக்கு இவர் முகத்தை மாஸ்க் மூடியிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் பிரச்சினை ஆகியிருக்கிறதா என்று கேட்டார்.

இதற்காகவே காத்திருந்தவர்போல அந்த மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். இவள் அம்மாவுக்கு வெறும் ஐநூறு போனதே தாங்கவில்லை. ரொம்பப் பலவீனமான உடம்பு. இவளுக்கும் அதே உடம்புதான். அதனால்தான் இவளை ஓட விடுவதில்லை, சைக்கிள் கிடையாது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரத்தில் வகுப்பிலேயே உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதும் அதற்காகத்தான். குழந்தை இதையெல்லாம் ஏற்கெனவே பலமுறை கேட்ட சலிப்போடு நின்றது.

ரத்தம் உறைகிறதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் தராசம்மா. மத்தியானம் முடிவு வந்தது, எல்லாம் சரியாக இருந்தது. அப்பாடா, இத்தோடு போயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த மனிதர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவள் அம்மாவுக்கும் அன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், மாத்திரையிலேயே பார்த்துக்கொள்கிறோம், வீட்டுக்குப் போகிறோம் என்று எழுந்துவிட்டார்.

மூச்சு நின்று நின்று வருகிற குழந்தையை மாத்திரையில் பார்த்துக்கொள்ள முடியாது. என்றைக்காவது ஒருநாள் தூக்கத்தில் நின்ற மூச்சு வராமல் போகலாம். தராசம்மா நர்ஸைக் கூப்பிட்டு, பாப்பாவை உயரம் அளக்க அழைத்துப் போகச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"உங்க மனைவிக்கு மயக்க மருந்து குடுத்தது நான்தான். ஐநூறுன்னு எழுதினதும் நான்தான். அது அளந்ததில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதிட்டிருந்தோம். நாங்க நேரத்துக்குப் பார்க்கலை. அவங்க உடம்புல ஒரு குறையும் இல்லை. அவ்வளவு போனா நீங்களும் தாங்கியிருக்கமாட்டீங்க, நானும் தாங்கியிருக்கமாட்டேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அப்போ எவ்வளவு?"

"தெரியாது. ரெண்டு லிட்டருக்கு மேல இருக்கலாம். அதுவும் குத்துமதிப்புதான். யாரும் அளக்கலை."

"அவளுக்கு ஏழாம் மாசம் நடக்கும்போது வீடு மாத்தினோம்," என்றார் அவர். "மூணு மாடி. பாத்திர மூட்டையை அவளும் தூக்கிட்டு வந்தா. நான் வேண்டாம்னு சொல்லலை. அதுனாலதான் உடம்பு விட்டுப்போச்சுன்னு ஒன்பது வருஷமா..."

தராசம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் முன்னால் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டார். புகார் எழுதிக் கொடுப்பதானால் கொடுங்கள், இப்போது சொன்னதை எங்கே வேண்டுமானாலும் சொல்லி ஒப்புக்கொள்கிறேன் என்றார். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நாளைக்கு என் பொண்ணுக்கு நீங்க ஊசி போட வேண்டாம்."

"சரி. வேற டாக்டர் போடுவார்."

"ஆனா நீங்க உள்ள இருக்கணும். அளக்கணும்."

சாயங்காலம் பெரிய டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். இப்போது எதற்கு இதைக் கிளறினீர்கள் என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, என் பெயரும் வந்ததா என்று கேட்டார். நான் சொல்லவில்லை, கேட்டால் மறைக்கமாட்டேன் என்றார் தராசம்மா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இருபது வருஷப் பழக்கம், அன்றோடு முகம் கொடுத்துப் பேசுவது நின்றது.

மறுநாள் காலையில் இளைய டாக்டர் ஒருவர் தலைமாட்டில் நின்றார். தராசம்மா மேஜைக்குப் பக்கத்தில் எடை மிஷினோடு நின்றார். தொண்டை ஆபரேஷனுக்கு அந்த மிஷினை யாரும் வைத்ததில்லை. விரல் அளவுப் பஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்தார், பாட்டிலைப் பார்த்தார், நர்ஸைச் சொல்லவிடாமல் தானே உரக்கச் சொன்னார். முடிந்ததும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வெளியே போய் அப்பாவிடம் கொடுத்தார்.

"நாப்பத்திரண்டு மில்லி," என்று அவர் படித்தார். "அளந்ததா?"

"அளந்தது."

அவர் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அவ பேப்பர்ல இன்னும் ஐநூறுன்னுதான் இருக்கா?"

தராசம்மா பழைய தாள்கள் இருக்கிற அறைக்கு இறங்கிப் போனார். அங்கே இருந்தவர் முனகிக்கொண்டே கட்டுகளைப் புரட்டி, ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். ஐநூறு என்பதன் குறுக்கே, எண் மறையாதபடி தராசம்மா ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில், "அளக்கவில்லை. அளக்காமல் எழுதியது நான்" என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நகல் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

வார்டில் குழந்தை அரைக்கண் திறந்து படுத்திருந்தது. அப்பா நகலை வாங்கி இரண்டு தடவை படித்தார். இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இவரைப் போகச் சொல்லவில்லை.

குழந்தை வாயைப் பாதி திறந்து ஒரு கொட்டாவி விட்டது. தராசம்மாவின் கை தானாகப் போய் அதன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் அப்பா பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. அவர் தடுக்கவில்லை. தராசம்மா முழுசாக ஒரு நிமிஷம் நாடியை எண்ணினார், போர்வையை நீக்கிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்று அப்பா கேட்டார்.

"தொண்ணூத்திரண்டு. சரியா இருக்கு. வெறும் தூக்கம்தான்."

அவர் தலையாட்டினார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, கட்டில் ஓரம் இவர் நிற்பதற்கு இடம் விட்டார்.