ஸ்பிரிங்குக்கு வாங்கோ அக்கா

பாரிஸில எனக்குத் தெரியாத சந்துபொந்து ஒண்டும் இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தடியில போய் நிப்பன்.

சரி, பொய். கண்ணைக் கட்டாமலே எனக்குப் போகத் தெரியாது. நான் இஞ்ச வந்த நாளில இருந்து பாரிஸுக்குக் கீழதான் சீவிக்கிறன். லா கூர்நெவில மெத்ரோ ஏறினா நிலத்துக்குக் கீழ. இறங்கி வேலைக்குப் போனா அங்கயும் படியால இறங்கி நிலவறைக் குசினி. கோப்பை கழுவுற வேலைக்கு இஞ்ச ‘பிளோஞ்’ எண்டு பேர். முதல் நாள் செஃப் அந்தச் சொல்லைச் சொல்லேக்க ஏதோ பெரிய பதவியாக்கும் எண்டு நினைச்சு, ஊருக்கு ஃபோன் போட்டு “நான் இப்ப பிளோஞ்” எண்டனான். என்ர அக்காவின்ர மனுசன் திருக்கோணமலைத் துறைமுக வாசலில ஓட்டோ ஓடுறவர். “என்ர மச்சான் பாரிஸில பிளோஞ்” எண்டு அண்டைக்கு ஸ்ராண்டில நிண்ட எல்லாருக்கும் அத்தான் பிளேன்ரீ வாங்கிக் குடுத்தவராம். இதையும் நான் இடைவேளைக்கு வெங்காயச் சாக்கில குந்திக்கொண்டுதான் ஃபோனில குத்துறன். எழுத்துப் பிழை கண்டா ஃபோனோட கதையுங்கோ, என்னோட வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில நான் வாசலால போனதைவிட மதிலால பாஞ்சது கூட. அதால பிரெஞ்சும் காதில விழுற அளவுக்குத்தான். ஒருநாள் செஃப் கலண்டரோட வந்து, “ஹவி, உன்ர லீவு எப்ப? பிரந்தோம்?” எண்டு கேட்டான். ரவி எண்டுறது இவனுக்கு வாயில வராது, ஹவிதான். எனக்குக் கேட்டது ‘பிறந்தோம்’. அட, எங்க பிறந்தனான் எண்டு கேக்கிறானாக்கும், தமிழும் கொஞ்சம் தெரியும் போல எண்டு நெஞ்சு குளிர்ந்துபோய், “திருக்கோணமலை” எண்டன். செஃப் அப்பிடி ஒரு மாசம் இருக்கோ எண்டு கலண்டரை மேல கீழ பாத்தான். பேந்துதான் தெரியும், குளிர் முடிஞ்சு மரம் தளிர்க்கிற காலத்துக்கு இவையள் வைச்ச பேராம் அது. எங்கட ஊரில எங்க அப்பிடியொரு காலம்? கச்சான் காத்து அடிச்சு வறுக்கும், அது விட்டா மாரி வந்து ஊறப்போடும். இடையில ஆரும் பூத்துக் காய்க்கிறேல்ல.

அந்தக் காலத்திலதான் அக்காவைக் கூப்பிடவேணும் எண்டு எனக்கு ஆசை. ஏனெண்டா நான் போக ஏலாது. அகதி எண்டு இஞ்ச தந்த என்ர பிரயாணப் புத்தகத்தில எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் ஏலாது எண்டு அடிச்சிருக்கு. உலகத்தில நான் போக ஆசைப்படுற நாடு அது ஒண்டுதான். மற்ற நாடெல்லாத்தையும் சும்மா தந்திருக்கிறாங்கள். அக்காவையோ அசைக்க ஏலாது. வருசா வருசம் கேப்பன். வருசா வருசம் ஒரு சாட்டு. குளிர் ஒத்துக்கொள்ளாது, கோழியளை ஆர் பாக்கிறது, பிளேனில காலை நீட்ட ஏலாதாம்.

போன மாரிக்கு ஒருக்கா கடைசியாக் கேட்டுப் பாப்பம் எண்டு வொய்ஸ் மெசேச் போட்டன். வசந்தகாலம் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது, கலியாணக் காட் வாசிக்கிற மாதிரி. பிரந்தோம் எண்டா விளங்காது. ஆகவே என்ர பெரிய இங்கிலீசில, “அக்கா, ஸ்பிரிங்குக்கு வாங்கோ, இஞ்ச அதுதான் திறம்” எண்டன். தேத்தண்ணி ஆற முதல் பதில் வந்திட்டுது. “வாறம் தம்பி. கட்டாயம் வாறம்.” கோழியளைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்ர இங்கிலீசுக்கு இவ்வளவு பவரோ எண்டு எனக்கே பயம் வந்திட்டுது.

உடன பிளான் போடத் தொடங்கினன். எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில கண்ட ஆக்களை எல்லாம் மறிச்சு, “அண்ணை, கோபுரத்துக்கு எந்த லைன்?” எண்டு கேட்டன். இவ்வளவு காலம் இஞ்ச இருந்துபோட்டு இதைக் கேக்கிறதுக்கு ஒரு துணிவு வேணும். ஆத்தில போற வள்ளம் ஒண்டு, பூ மரம் நிக்கிற பூங்கா ஒண்டு, பேந்து நான் வேலை செய்யிற இடத்தை வெளியில இருந்து மட்டும் காட்டுறது. அத்தானுக்கு, “தடிச்ச கோட் ஒண்டு வேண்டுங்கோ, காலமை குளிரும்” எண்டன். அவர் சிரிச்சார். “மச்சான், எனக்கே ஸ்பிரிங் படிப்பிக்கிறாய்? நாளுக்கு எத்தினை வெள்ளையளை ஏத்திக்கொண்டு போறனான்! சூட்டுக்குள்ள ஆரடா கோட் போடுறது? துவாய்தான் எடுத்து வைச்சிருக்கிறன்.” மனுசன் பகிடி விடுறார் எண்டு நானும் சேந்து சிரிச்சன். கொழும்பில விசாவுக்குப் போன இடத்திலயும், ஏன் இந்த நேரம் போறீங்கள் எண்டு கேட்டதுக்கு அத்தான் “ஸ்பிரிங். பாத்” எண்டு தலையில தண்ணி ஊத்திக் காட்டினவராம். விசாக் கந்தோரில கேட்ட மனுசி, “ஓ, தேர்மல்! வெரி குட்!” எண்டு தலையாட்டினவவாம். விசாவும் வந்திட்டுது. நான் அப்பவும் யோசிக்கேல்ல. எனக்கு மூளை கொஞ்சம் மெத்ரோ மாதிரி, கீழாலதான் ஓடும்.

பிறகு ஒருநாள் அக்கா கேட்டா, “தம்பி, உங்க ஐயர் ஆரும் இருக்கினமோ? இல்லாட்டி நாங்களே தர்ப்பையும் எள்ளும் கொண்டு வரட்டோ?”

அப்பதான் எனக்கு வெளிச்சது. அக்கா இருக்கிறது பாலையூற்றில, பேரிலயே ஊத்து. அத்தான் வெள்ளையளை ஏத்தி இறக்கிறது கன்னியாவில, அங்க பேர்ப்பலகையில ‘ஹொட் ஸ்பிரிங்ஸ்’ எண்டு கிடக்கும். அவையளுக்கு ஸ்பிரிங் எண்டா வெந்நீர் ஊத்துத்தான். அம்மா மோசம்போய் முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அந்தக் கன்னியாவிலதான் நடந்தது. செய்யவேண்டிய மகன் நான் இஞ்ச நிண்டு வறுத்த சட்டி சுரண்டினன். எனக்குப் பதிலா அத்தான்தான் ஈர வேட்டியோட நிண்டவர். அண்டையில இருந்து அக்காவுக்கு ஒரு குறை. தம்பி பாரிஸில ஒரு ஊத்துக் கண்டுபிடிச்சிட்டான், அம்மாவுக்கு எண்டு தன்னை முழுக வைக்கக் கூப்பிடுறான் எண்டு நினைச்சுத்தான் மனுசி கோழியளையும் விட்டுட்டு வரச் சம்மதிச்சிருக்கு.

இப்ப என்ன செய்யிறது? சொல்லாம விட்டா, வந்து இறங்கி எங்க ஊத்து எண்டு கேப்பா. சொன்னா, வரவே மாட்டா. நாலைஞ்சு தரம் ஃபோனை எடுத்து, “கோழியள் சுகமோ?” எண்டு கேட்டுப்போட்டு வைச்சன். கடைசியாச் சொல்லித்தான் போட்டன்.

“அக்கா, ஸ்பிரிங் எண்டா இஞ்ச ஊத்தில்லை. மரம் பூக்கிற காலம்.”

“பூவோ?”

“ஓம்.”

“பூப் பாக்கவோடா என்னைக் கூப்பிட்டனி?”

“இல்லை அக்கா, நான் உங்களைப் பாக்க...”

லைன் கட். நான் எடுக்க எடுக்க அவ எடுக்கேல்ல. பின்னேரம் அத்தான் மட்டும் எடுத்து மெல்லமாச் சொன்னார், “மச்சான், அவ சூட்கேசை அலுமாரிக்கு மேல தூக்கி வைச்சிட்டா. பூ எங்கட வேலியிலயும் பூக்குதாம்.” ஒரு கிழமையா எனக்குச் சோறு இறங்கேல்ல எண்டு பிறகு அத்தானுக்கு மட்டும் சொன்னன். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுறன் எண்டு செஃப் என்னை முறைச்சுப் பாத்தான்.

இண்டைக்கு மெசினுக்குள்ள கோப்பையளை அடுக்கேக்க ஃபோன் அடிச்சுது. வீடியோ. அக்கா! பின்னால சனம், ஈரத் துவாய், ஒரு வாளிச் சத்தம். அத்தான் குனிஞ்சு கிணத்துக்குள்ள போத்திலை அமுக்கிறார்.

“டேய், கன்னியாவில நிக்கிறன். ஏழு கிணத்திலயும் அள்ளுறம். உங்க ஊத்து இல்லாட்டி இஞ்ச இருக்கிறதைக் காவிக்கொண்டு வாறன். அதுக்குப் போய் முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறியாம்!”

“நீங்கள்தானே அக்கா ஃபோனை வைச்சனீங்கள்?”

“வைச்சா நீ திருப்பி எடுக்கவேணும்.”

“எடுத்தனான்!”

“காணாது, இன்னும் எடுக்கவேணும்.”

“ஏழும் வேற வேற சூடு அக்கா. இஞ்ச வந்து சேரேக்க எல்லாம் ஒரே பச்சைத் தண்ணிதானே?”

“உங்க அடுப்பு இல்லையோ? கொண்டு வாறது நான், சூடாக்கிறது நீ.”

அந்த நேரம் பாத்து மெசின் முடிஞ்சு கதவு திறந்துது. குபுக்கெண்டு ஆவி. குசினி முழுக்க வெள்ளை, ஃபோன் கண்ணாடியெல்லாம் புகார் மூடிப்போச்சு. அதுக்குள்ளால அக்காவின்ர குரல் மட்டும் வருது. “எங்கயடா நீ? உன்னைத் தெரியேல்ல... அட பொய்காரா! ஊத்துக்குள்ளயே நிண்டுகொண்டோ இல்லையெண்டு சொன்னனி?”

நான் கண்ணாடியைத் துடைக்கேல்ல. “ஓம் அக்கா,” எண்டன்.

அவ சிரிக்கிறாவோ அழுறாவோ எண்டு தெரியேல்ல. அவவுக்கும் என்னைத் தெரிஞ்சிருக்காது. அது நல்லதாப் போச்சு.

இப்ப பிளான் மாறிட்டுது. என்ர குளியலறை நிமித்தி வைச்ச அலுமாரி மாதிரி, உள்ள ஒராள்தான் நிக்கலாம். ஆகவே நான் உள்ளுக்கு, அத்தான் கதவடியில போத்தில் நீட்டுறது, அக்கா அவற்ற தோளுக்கு மேலால எட்டி ஊத்துறது. ஊத்தி முடிய, தலை காயாமலே மூண்டு பேரும் கோபுரம் பாக்கப் போறம். வழி கேட்டு வைச்சிருக்கிறன். முதல் ஏழாம் லைன் எடுத்து, பேந்து மாறி ஆறாம் லைன் எடுத்தா, அது ஆத்துக்கு மேலால போகுமாம், நிலத்துக்கு வெளியாலயாம், அதில ஏறி வலப்பக்க யன்னலடியில அக்காவை இருத்திப்போட்டு நான்...

நில்லுங்கோ, செஃப் கொதிக்கிற சட்டியோட படியால இறங்கிக் கத்துறான். “ஹவி! ஷோ! ஷோ!”

சூடு வருதாம். வாறன்.