வெள்ளிக்கிழமை மீன் வாங்காத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் முந்நூறு வருஷம் ஓடியது. பன்னிரண்டே நிமிஷத்தில்.

என் வீட்டுக்காரர் சரவணன் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறார். ராஜாக்கள், கப்பல்கள், துறைமுகங்கள் என்று பழைய காலத்துக் கேம். அதில் மதங்கள் எப்படி ஊர் ஊராகப் பரவும் என்று விதி எழுதுவது இவர் வேலை. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு கலர். வியாபாரி போனால் கொஞ்சம் பரவும். சாமியார் போனால் இன்னும் கொஞ்சம். ராஜா மாறினால்... ஊரே மாறும்.

அவர் லேப்டாப்பில் அந்த முந்நூறு வருஷமும் ஒரு மேப்பாக ஓடும்; பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜன்னலில் கடற்காற்று, எனக்குக் கண் சொக்குகிறது. நீலம் ஆற்றோரமாக மெதுவாக ஏறுகிறது. மஞ்சள் கரையோரமாக நகர்கிறது... எத்தனை பேர் பிறந்து, எத்தனை பேர் செத்திருப்பார்கள்? ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் மொத்த மேப்பும் ஒரே கலர். "நாளைக்குள்ள சரியாகலைன்னா மதம்ங்கற பகுதியையே தூக்கிடுவோம்னு பாஸ் சொல்லிட்டாரு" என்றார். ரெண்டு வருஷ உழைப்பு. மனுஷன் காபியைக்கூடத் தொடவில்லை.

அப்போது வாசலில் அஞ்சலை அக்கா. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வருபவர். என் அம்மா வீட்டுக்கும் அவர்தான் வாடிக்கை. சங்கரா மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா ஸ்டெல்லா, வெள்ளிக்கிழமைன்னா கதவையே தொறக்க மாட்டற? உங்கம்மா வீட்டுல வெள்ளிக்கிழமைதான் எனக்கு யாவாரமே."

உண்மைதான். அம்மா வீட்டில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் — கறி கூடாது, மீன் கூடும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு மீனும் போச்சு.

"மாமியா வேணாம்னுச்சா?"

"யாரும் சொல்லலக்கா. அதுவா நின்னுபோச்சு."

"அப்ப வேதத்த விட்டுட்டியா?"

"அய்ய, காலைலகூட மாதா கோயில் பூசைக்குப் போய்ட்டுதான் வந்தேன்."

"உன்ன எதுலதான் சேக்கறது?" என்று சலித்துக்கொண்டே கூடையைத் தூக்கினார்.

திரும்பினால் பின்னால் இவர். "உன்னை யாரு மாத்தினது?" என்றார், ஏதோ புதுசாகப் பார்க்கிற மாதிரி.

யார் மாற்றினார்கள்? எந்தச் சாமியாரும் வரவில்லையே. என் மாமியார் மட்டும் என்ன... 'விபூதிப் புதன்' என்று காதில் விழுந்ததுமே, "விபூதி தராங்களா, நானும் வரேன்" என்று என்னோடு மாதா கோயில் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டியவர். அதே நெற்றியோடு வீட்டுக்கு வந்து முருகனுக்கு விளக்கேற்றினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

"உங்க கேம்ல கல்யாணமே கிடையாதா?" என்று கேட்டேன்.

கிடையாதாம். ராஜாக்களுக்கு மட்டும் உண்டாம். அதுவும் நிலம் சேர்க்க!

அன்று சாயங்காலம் வரை எழுதினார். ஊர் விட்டு ஊர் வாழப்போகிற பெண், பாதியைக் கொண்டுபோவாள், பாதியைக் கற்றுக்கொள்வாள். அவ்வளவுதான் விதி. மறுபடி ஓட்டினார். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே வாளியில் ஊறவைத்த சேலைகள் மாதிரி கலர்கள் ஒன்றோடொன்று இழைந்தன. உள்நாட்டில் நீலம் நீலமாகவே இருந்தது, மஞ்சளும் இருந்தது. ரெண்டும் சந்திக்கிற கரையோர ஊர்கள் மட்டும் பெயர் தெரியாத ஏதோ ஒரு கலரில்... எனக்கு ஏனோ அழுகை வந்தது.

திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். அந்தப் பகுதி தப்பித்துவிட்டது. பாஸ் கரையோரத்தைச் சுட்டிக்காட்டி, "இந்தக் கலர் லிஸ்ட்லயே இல்லையே, எரரா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எரர் இல்ல சார், என் பொண்டாட்டின்னேன்."