கரண்டியில் ஒரு நிறைகுடம்

அந்தக் கரண்டி என் நடுவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். பித்தளை. பிடியில் ஒரு சீன எழுத்து: 福. ட்வெய்ட்டாவில் நான் வேலை செய்த குழந்தைகள் காப்பகத்தின் தலைவி அதைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார். நோர்வேயில் மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மட்டக்களப்பில் வளர்ந்த என் நாக்கு அதற்கு வளையவில்லை. அக்கா என்றேன். அர்த்தம் கேட்டவர், அப்படியே கூப்பிடு என்றுவிட்டார்.

அக்கா கைக்குழந்தையாகக் கொரியாவிலிருந்து தத்து வந்தவர். தெரிந்தது நோர்வேஜிய மொழி மட்டும். கூட வந்தது அந்தக் கரண்டி ஒன்றுதான். "வேண்டாத பிள்ளைக்கு யாரோ ஒரு தாதி போட்டுவிட்டது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஐம்பது தாண்டியபின் கொரிய வகுப்புக்குப் போனார். ஒரு நாள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஓடி வந்தார். கொரியர்கள் அந்த எழுத்தைப் 'பொக்' என்பார்களாம். பொருள் நற்பேறு, ஆசி. மகிழ்ச்சிக்கான சொல்லிலும் அதுதான் பாதி. புத்தாண்டில் நிறையப் பொக் பெறுங்கள் என்றுதான் வாழ்த்துவார்களாம். நல்ல மனிதர் வாய்ப்பதும் பொக், நல்ல சாப்பாடு வாய்ப்பதும் பொக். இருந்துகொண்டு காலாட்டினால் பொக் ஓடிவிடுமாம்! எங்கள் வீட்டில் மூதேவி வந்துவிடுவாள் என்றேன். அன்று பிள்ளைகளைவிட நாங்கள்தான் அதிகம் சத்தம் போட்டோம். ஆதியில் அந்த எழுத்து ஒரு படமாம். இடப்பக்கம் தெய்வத்துக்குப் படைக்கும் மேடை, வலப்பக்கம் நிரம்பிய பாத்திரம். "ஆனால் கடைக் கரண்டிகளில் எல்லாம் இது இருக்குமாம்" என்றபோது அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

அடுத்த மாதம் வெஸ்ட்லியில் நாங்கள் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். மனைவி வாசலில் நெல் பரப்பி, மாவிலையும் தேங்காயுமாக நிறைகுடம் வைத்திருந்தாள். லிஃப்டிலிருந்து இறங்கி வந்த அக்கா வாசற்படியைத் தாண்டவில்லை.

"என்னப்பா, அவ வாசல்லயே நிக்கிறா? ஏதும் பிழையாப் போயிட்டா?" என்றாள் மனைவி.

அக்கா கரண்டியை எடுத்துக் குடத்தின் பக்கத்தில் பிடித்தார். எழுத்தின் வலப்பக்கத்தில் மேலே ஒரு கோடு, தேங்காய். அதன் கீழே சின்னக் கட்டம், கழுத்து. அடியில் பெரிய கட்டம், வயிறு. அப்படியே நிறைகுடம்!

"இதை யாருக்கு வைப்பீர்கள்?"

"வருகிறவர்களுக்கு" என்றேன். "போகிறவர்களுக்கும்தான். பயணம் புறப்படும்போது எதிரே நிறைகுடம் வந்தால் போகிற இடத்தில் நல்லது நடக்கும். நான் நோர்வேக்குப் புறப்பட்ட அன்று அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் குடத்தைக் கொடுத்து, தற்செயலாக வருவதுபோல வரச் சொன்னா. அந்த மாமிக்கு நடிக்கவே தெரியாது."

"ஏற்பாடு செய்த சகுனம் பலிக்குமா?"

"அம்மா ஏற்பாடு செய்தால் பலிக்கும்."

அக்கா கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அழுதார், சிரித்தார், மனைவியைக் கட்டிப்பிடித்தார். அன்று எங்கள் வீட்டுப் பாயசத்தை அந்தக் கரண்டியால்தான் குடித்தார். கிண்ணம் காலியாக வெகுநேரம் எடுத்தது.

அக்கா இப்போது ஓய்வு பெற்று ஹவுகெட்டோவில் இருக்கிறார். கரண்டி சாவிக்கொத்தில் இல்லை. சீனிப் போத்தலுக்குள் கிடக்கிறது. சென்ற வாரம் தேநீர் கலக்கும்போது பார்த்தேன், எழுத்து தேய்ந்து வருகிறது. பத்திரமாக எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஏன்?" என்றார். "அம்மா தந்துவிட்டது பாவிக்கத்தானே?"