என் காய்ச்சலைப் பார்க்க வந்த ஊர்

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாமசியில் பத்து வருடமாக மருந்து கொடுக்கும் வேலை செய்கிறேன். பத்து வருடமாக ஒரே சண்டை. "தடிமன் காய்ச்சல், ரெண்டு அன்டிபயோட்டிக் தாங்க" என்று வருகிறவர்களிடம், அது வைரஸுக்குக் கேட்காது, போய்ப் படுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் நீண்டுவிட்டது. எங்கள் ஊர் மடவளையில், தெருவில் என்னைக் கோபக்காரி என்பார்கள். சரி, கோபக்காரிதான். இப்போது என்ன?

அந்த மழைக்காலத்தில் என் தங்கை ஏழு மாத வயிற்றோடு எங்கள் வீட்டில் இருந்தாள். கணவர் கட்டாரில். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் அவளுக்கு வயிற்றிலேயே போய்விட்டன. இதாவது கைக்கு வரவேண்டும் என்று எங்களைப் பெற்ற உம்மா தஸ்பீஹ் மணியும் கையுமாகத் திரிந்தார். நானும் அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். கூடவே இரும்புச்சத்து மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கவும் வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாமசியில் ஆட்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே எனக்குக் குளிர் எடுத்தது. சாதாரணத் தடிமன் மெல்ல மெல்ல வரும். இன்ஃபுளுவென்சா அப்படியில்லை, எத்தனை மணிக்கு வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். இரண்டேகாலுக்கு எனக்குப் பல்லோடு பல் அடித்தது. இரண்டரைக்குத் தொடை எலும்பெல்லாம் உலக்கையால் இடித்தது போல வலித்தது. பக்கத்து டாக்டர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, அதேதான் என்றார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெளிப்படிக்கட்டால் நேரே மேல் அறைக்கு ஏறி, கதவைப் பூட்டிவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டேன்.

"மேல ஏறினா கால முறிச்சுப் போடுவேன்."

"தாத்தா, கஞ்சியாவது கொண்டு வாறேனே" என்றாள். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"உம்மா வெக்கட்டும். கதவுக்கு வெளியில வெச்சிட்டுப் போகட்டும்."

பயம் எனக்காக அல்ல. நிறைமாதம் நெருங்க நெருங்கக் கர்ப்பப்பை மேலே தள்ளி நுரையீரலுக்கு இடம் குறையும். இதயம் இரண்டு பேருக்கு உழைக்கும். பிள்ளையை அந்நியமென்று தள்ளிவிடாதபடி உடம்பு தன் காவலையும் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும். அந்த நேரத்தில் இந்தக் காய்ச்சல் பிடித்தால் நெஞ்சில் இறங்கும். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

மூன்று போர்வைக்குள் கிடந்து என் உடம்பையே வேடிக்கை பார்த்தேன். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள உயிர்க்கலங்களுக்குள் வைரஸ் புகுந்து, அந்தக் கலத்தின் அடுப்பிலேயே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் சமைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உட்சுவர் உரிந்து புண்ணாகிறது. அதனால்தான் அந்த வறட்டு இருமல். ஆனால் என்னை அடித்துப் போட்டது பெரும்பாலும் அதல்ல, என் உடம்பேதான். எதிரி வந்துவிட்டான் என்று இரத்தம் வழியே செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி போன இடமெல்லாம் வலி. மூளை சூட்டின் அளவைக் கூட்டி வைத்துவிடுகிறது. அந்த அளவுக்கு உடம்பு ஏறும்வரை நமக்குக் குளிர்கிறது, தசைகள் நடுங்கி நடுங்கிச் சூடு உண்டாக்குகின்றன. பசி வேண்டாம், எழும்ப வேண்டாம், படு என்று ஆளைக் கிடத்துகிறது. எத்தனை பேருக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்! இப்போது எனக்குள்ளேயே நடக்கிறது. வலியில் முனகினாலும் ஒரு பெருமை வந்தது. "அடி, விடாதே" என்றேன் என் உடம்பிடம்.

மூன்றாம் நாள் காலை, கீழே கோப்பைச் சத்தம் கேட்டது. பிறகு பேச்சுக் குரல்கள். நாலைந்து பெண்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோயாளியைப் பார்க்கப் போவது எங்களுக்கு நபி காட்டிய ஸுன்னத்து. ஒருவர் படுத்தால் தெருவே தோடம்பழமும் பிஸ்கட் பெட்டியுமாக வந்துவிடும். நானோ கதவைப் பூட்டிக்கொண்டு பெரிய கெட்டிக்காரி என்று கிடக்கிறேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் கீழே உட்கார்ந்து யாரோடு பேசுவார்கள்? தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது யார்? என் காய்ச்சலே ஊரை அழைத்து வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. பைத்தியக்காரி, இதை யோசித்தாயா?

உம்மாவுக்குப் போன் போட்டு, வந்தவர்களை அனுப்பச் சொன்னேன்.

"நோய் பார்க்க வந்தவங்கள எப்பிடி மகள் வாசலோட அனுப்புற? ஊரு என்ன செல்லும்?"

"இப்ப ஊரெல்லாம் இந்த நோய்தான் உம்மா, வெளிய தெரியிறதுக்கு ஒரு நாள் முந்தியே பரவும்! அங்க செருமுறது யாரு?"

"எதிர்வூட்டு மாமி. அது சும்மா."

அந்தச் 'சும்மா'வைக் கேட்டதும் காய்ச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது. எழும்பினேன். அறை சுற்றியது. உட்காரும் கதிரையைத் தெருப்பக்க ஜன்னலுக்கு இழுத்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, புண்ணான தொண்டையால் கத்தினேன்.

"எல்லாரும் வெளிய வாங்க! ரோட்டுல நின்டு என்னப் பாருங்க! தங்கச்சி, பின்னறைக்குப் போ!"

பெண்கள் திகைத்துப்போய் வெளியே வந்தார்கள். எதிர்வீட்டு மாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாப்பது வருஷமா போய் வாற வூடு. எங்கள ரோட்டுல நிக்க வெக்கிறியா நீ?"

"மாமி, கோவிச்சுக்கங்க, பரவாயில்ல. எனக்கு அவள்ட புள்ள வேணும்."

மாமி தோடம்பழப் பையை வாசல் கேற்றில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். உம்மா அழுதார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தெருவின் வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன்: "என்னைப் பார்க்க வருகிறவர்கள் தெருவில் நின்று மேலே பாருங்கள். துஆ ஜன்னலுக்கும் எட்டும்."

அடுத்த நாள் ஐந்து குடைகள் வந்து கீழே நின்றன. மழைக்குள் நின்று, என் நோய் தீர ஷிஃபா கேட்டார்கள். கேற் கிறீச்சிட்டால் நான் எழும்பிக் கதிரைக்குப் போவேன். சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு செய்தி வந்தது. எதிர்வீட்டு மாமி காய்ச்சலில் விழுந்துவிட்டார். அதே நோய்.

யா அல்லாஹ்! தங்கைக்குப் போன் போட்டேன்.

"மாமி பக்கத்துல எவ்வளவு நேரம் இருந்தாய்?"

"இருக்கல்ல தாத்தா. குசினியில தேத்தண்ணி ஊத்திட்டு இருந்தேன். கொண்டு வரப் போற நேரம் நீங்க கத்தினீங்க."

அப்படியும் நெஞ்சு ஆறவில்லை. உள்ளே போன வைரஸ் ஓரிரண்டு நாளில், மிஞ்சினால் நான்கு நாளில் தலைகாட்டும். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், ஆரம்பத்திலேயே கொடுக்கிற மருந்து இருக்கிறது என்று டாக்டர் போனில் சொன்னார். நான்கு நாளும் விடியலில் சுபஹு தொழுத கையோடு ஒரே கேள்விதான். "தொண்ட நோகுதா? குளிருதா?" இல்லை என்பாள். ஐந்தாம் நாள் கேட்டதும் எரிச்சலில் கத்தினாள்.

"ஒன்டுமில்ல தாத்தா! பசிக்குது, அவ்வளவுதான்!"

அந்தப் பசி என்ற சொல்லைக் கேட்டு நான் கட்டிலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஜெயித்துவிட்டேன். என் உடம்பு உள்ளே ஜெயித்தது, நான் வெளியே ஜெயித்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கண்டி ஆஸ்பத்திரியில் தங்கைக்கு மகன் பிறந்தான். ஊரைக் கூட்டும் குரல். என்னைப் போல என்றார் உம்மா. ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, பேர் வைத்தோம். தெருவே வீட்டுக்குள் நிறைந்திருந்தது, மாமியைத் தவிர. தேறிய பிறகும் அவர் என்னோடு பேசவில்லை. வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்தார். புதுச் சாரியும், மூக்கு முழுக்க மூடிய மாஸ்க்குமாகக் கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் மாமி என்று ஓடினேன். கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"நேத்திலருந்து தொண்ட அரிக்குது மகள். நான் உள்ளுக்கு வரமாட்டேன். புள்ளய அங்க நின்டே காட்டு."

படியில் நின்று பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். மாமி ரோட்டில் நின்றபடியே, தெரு முழுக்கக் கேட்க அவனுக்காகத் துஆ ஓதினார்.